மதாம் திறக்காத கேட்

என் மகள் இப்போது கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கிறாள். மாலையில் அவள் வரவேண்டிய பஸ் பத்து நிமிடம் தாமதமானால் நான் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன். "உங்களுக்கு இன்னும் அது போகல" என்பாள் என் மனைவி. அது என்று அவள் சொல்வது, மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த ஒரு வியாழக்கிழமைக் காலை. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் மதாமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எழுபதுகளில் நான் எங்கள் ஊரின் சாரம் பகுதியில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருந்தேன். நேரடித் தேர்வில் வந்ததால் இளம் வயதிலேயே அந்த நாற்காலி கிடைத்துவிட்டது. பணிமூப்பில் வருகிறவர்களின் கதை வேறு. முப்பது வருடம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் கையில் ஒருநாள் ஆர்டர் வரும். மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடமே அவர் பொறுப்பு. சம்பளப் பட்டியல், தண்ணீர்க் குழாய், சண்டைபோட வரும் தகப்பன், லீவு கேட்கும் ஆசிரியர் என எல்லாம் அன்றைக்கே ஆரம்பித்துவிடும். தடுமாறாதவர்கள் குறைவு. அதனால் எங்கள் கல்வி அலுவலகத்தில் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பேற்பதற்கு முன் பதினைந்து நாள், வேலையில் இருக்கும் ஒரு தலைமையாசிரியரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டவுன் பள்ளிகளுக்குப் போகிறவர்களை என்னிடம் அனுப்பினார்கள்.

இதற்காக நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன். மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே தலைமையாசிரியர் கேட்டில் நிற்க வேண்டும் என்பது முதல் விதி. பள்ளி நேரத்தில் யாராவது குழந்தையை அழைத்துப்போக வந்தால், வந்தவரைக் கேட்காதே, குழந்தையைக் கேள் என்பது இரண்டாவது. யாரிடமும் சொல்லாமல் வளாகத்தை விட்டு வெளியே போகாதே என்பது நான்காவது. வருகிறவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். கூட்டங்களில் யாரையாவது காட்டி, "இவரு அவர்கிட்ட பதினஞ்சு நாள் இருந்தவரு" என்று சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிரும்.

மதாம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. மதாம் என்றால் பிரெஞ்சில் அம்மையார்; எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்திலேயே படித்து, அப்போதே வேலையில் சேர்ந்தவர். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கறுப்புக் குடை. எண்ணும்போது வாய்க்குள் பிரெஞ்சில் எண்ணுவார். தமிழில் ஒரு அலுவலகக் கடிதம் எழுத ஒரு முற்பகல் ஆகும். ஏழு என்ற எண்ணைப் போட்டால் அதன் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எங்கள் கிளார்க்குக்கு அது போதுமாக இருந்தது.

"இன்னா சார், மதாம் ஏழுக்கெல்லாம் இடுப்புல பெல்ட் கட்டி வுடறாங்க. இவங்க ஸ்கூல நடத்தி, நாம பாத்து..."

எனக்கும் நம்பிக்கை இல்லை. பதினைந்து நாளும் அவர் என் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு நாளைத் தவிர கேள்விகூடக் கேட்கவில்லை. பத்தாவது நாளோ என்னவோ, கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக ஒருவர் வந்தார். இரண்டாம் வகுப்பில் படிக்கும் தன் மகனைக் கூட்டிப்போக வேண்டும் என்றார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறவர். நாலு வருடம் கழித்து அன்று காலைதான் ஊருக்கு வந்திருக்கிறார். பையனை அழைத்து, "இது யாருப்பா?" என்று கேட்டேன். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "தெரியல சார்" என்றான்.

அவரை வராந்தா பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, பையனின் தாயாருக்கு ஆள் அனுப்பினேன். அந்த மனிதர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். மதாமுக்குத் தாங்கவில்லை.

"பாவம் சார். அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துருக்காரு. மூஞ்சப் பாத்தாலே தெரியுது. அதே மூக்கு."

"மூக்க வெச்சு முடிவு பண்ணக் கூடாதும்மா. பையன் சொல்லணும், இல்லன்னா அவன் அம்மா சொல்லணும். அதுவரைக்கும் அவரு யாரோ."

"அப்பாவா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

மதாம் தன் நோட்டில் பிரெஞ்சில் ஏதோ எழுதினார். என்ன என்று கேட்டேன். "நீங்க சொன்னதுதான் சார். யாரா இருந்தாலும்."

அவருக்கு முதலியார்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளி கிடைத்தது. ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி. எங்கள் வீடும் அதே பேட்டையில்தான். முதல் வருடம் சனிக்கிழமைதோறும் நான் போய்ப் பார்ப்பேன்; எங்களுக்கு அன்று விடுமுறை, அவர்களுக்கு அரை நாள் வகுப்பு உண்டு. ஆசிரியைகள் பத்து நிமிடம் பிந்தி வந்தார்கள். மதாம் அவர்களைத் திட்டவில்லை. கேட்டில் நின்றபடி ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் எல்லோரும் மணிக்கு முன்பே வர ஆரம்பித்தார்கள். இது என் நோட்டில் இல்லாத வழி.

அடுத்த ஜூனில் என் மகளை டவுனில் இருந்த கான்வென்ட்டிலிருந்து எடுத்து மதாமின் பள்ளியில் சேர்த்தேன். நான் தயார் செய்த ஒருவரின் பள்ளியில் என் பிள்ளையையே சேர்க்கவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று தோன்றிவிட்டது. மனைவி சாதம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நீங்க நல்லா ட்ரெய்னிங் குடுத்தீங்களான்னு எம் பொண்ண வெச்சுப் பரீட்ச பண்றீங்களா?"

தட்டில் இருந்த சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.

அந்த வியாழக்கிழமை மழைக்காலத்தின் கடைசியில் வந்தது. பள்ளிகளுக்குச் சுகாதாரத் துறையினர் வந்து காலரா ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தரை மணி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் கேட்டுக்கு எதிரில் கொய்யாப்பழம் விற்கும் அம்மாள் கூடையைக்கூட விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிவந்தாள்.

"சார், உங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல்ல ஊசி போட்டு ரெண்டு பொண்ணுங்க செத்துப் பூடுச்சாம் சார். மூணாங் கிளாஸாம். ரிக்ஷாவுல தூக்கினு போனத எந் தங்கச்சி பாத்துருக்குது."

சைக்கிளை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. ரயில்வே கேட் மூடியிருந்தது. குனிந்து சைக்கிளை அடியில் தள்ளிக்கொண்டு போனேன். கேட் ஆள் கத்தியது மட்டும் காதில் இருக்கிறது. முதலியார்பேட்டையில் திரும்பியபோதுதான் என் வலது கையில் இன்னும் சாக்பீஸ் இருப்பதைக் கண்டேன். என் பள்ளியில் யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை.

மதாமின் பள்ளி வாசலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஷிப்டிலிருந்து அப்படியே வந்தவர்கள், தலையில் பஞ்சு ஒட்டியவர்கள், மாவுக் கையோடு வந்த பெண்கள். கேட் பூட்டியிருந்தது. பெரியவர்கள் சிலர் அதைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மதாம் தனியாக நின்றார். அவருக்குப் பின்னால் இருந்த சுவர் மறைத்ததால் பிள்ளைகள் யாரும் கண்ணில் படவில்லை.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு கம்பிகளுக்கு முன்னால் போய் நின்றேன்.

"கேட்டத் தொறங்கம்மா! எம் பொண்ண அனுப்புங்க!"

"எல்லாரும் பத்திரமா இருக்காங்க சார். கொஞ்சம் பின்னாடி நில்லுங்க."

"நான் யாருன்னு தெரியலையா உங்களுக்கு? இந்த வேலையக் கத்துக் குடுத்ததே நான்! மொதல்ல கேட்டத் தொறங்க!"

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இப்படித்தான் கத்தினேன், தெருவே கேட்கும்படி.

"தெரியும் சார்" என்றார் மதாம். "வரிசையில நில்லுங்க."

பின்னாலிருந்து ஒரு பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "யோவ், வாத்தியாரு பெத்ததுதான் புள்ளயா? நாங்க பெத்ததெல்லாம் இன்னா? நில்லுய்யா வரிசையில!"

நின்றேன். கேட்டைத் திறந்திருந்தால் என் பின்னால் அந்த நூறு பேரும் உள்ளே பாய்ந்திருப்பார்கள், சின்னப் பிள்ளைகள் காலடியில் சிக்கியிருப்பார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்கு ஒரே ஒரு குழந்தைதான் உலகத்தில் இருந்தது.

மதாம் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, கேட்டுக்கு உள்பக்கம் அதன்மேல் ஏறி நின்றார். கையில் வருகைப் பதிவேடுகள்.

"ஒரு பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துது. ஊசி போடறதுக்கு முன்னாடியே விழுந்துது. காலையில சாப்பிடாம வந்துருக்குது. டீச்சர் கூடப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன். அவங்க அம்மாவும் கூடவே போயிருக்காங்க. மத்த எல்லாப் புள்ளைங்களும் இங்க இருக்குது. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. அதனால, நீங்களே கேளுங்க."

ஒன்றாம் வகுப்புப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட ஆரம்பித்தார். சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது: "உள்ளேன் அம்மா."

இரண்டாவது பெயர், இரண்டாவது குரல். நாலைந்து பெயர்களுக்குள் தெரு அடங்கிவிட்டது. கேட்டை உலுக்கியவர்கள் கம்பியைப் பிடித்தபடியே காதைக் கொடுத்து நின்றார்கள். தன் பிள்ளையின் குரல் வந்ததும் ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இன்னொருவர், "எம் பொண்ணு, அது எம் பொண்ணு" என்று பக்கத்தில் இருந்தவரின் தோளை அடித்தார். "சும்மா இருய்யா, எம் பொண்ணு பேரு வரப் போவுது" என்று அவர் அதட்டினார்.

இது என் நோட்டில் இல்லை. எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருக்காது.

மூன்றாம் வகுப்பு வந்தது. என் மகளின் பெயரை மதாம் கூப்பிட்டார். பதில் இல்லை.

இன்னொரு முறை கூப்பிட்டார். அந்த இடைவெளி எவ்வளவு நேரம் இருந்திருக்கும், மூன்று வினாடி? இன்றும் பஸ் தாமதமாகும் மாலைகளில் நான் நடப்பது அந்த மூன்று வினாடிக்குள்தான்.

"உள்ளேன் அம்மா." அழுது கம்மிய குரல்.

கடைசிப் பெயர் முடிந்தபோது பாதிப் பேர் பிள்ளையைக் கேட்கவே இல்லை. குரலைக் கேட்டதே போதும் என்று ஆலைக்குத் திரும்பினார்கள். மீதிப் பேருக்காக மதாம் கேட்டை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தார். ஒவ்வொருவராக உள்ளே விட்டு, குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தி, அதனிடம் கேட்டார். என் முறையும் வந்தது. என் மகள் வகுப்பு டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மதாம் குனிந்து கேட்டார்: "இது யாரும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவிழ்ந்த வேட்டி, வியர்வை, சாக்பீஸ் அப்பிய முகம். பார்த்துவிட்டு டீச்சரின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

நான் மதாமைப் பார்த்தேன். அவர் வராந்தாவில் இருந்த பெஞ்சைக் காட்டினார். பக்கத்தில் பானை இருந்தது. "தண்ணி குடிங்க சார். மூஞ்சியக் கழுவிக்கிட்டு உக்காருங்க. அவ சொல்லட்டும்."

உட்கார்ந்தேன். மடியில் வைத்துக்கொள்ள எனக்குத் தொப்பிகூட இல்லை. எனக்குப் பின்னால் வந்த அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளோடு ஒவ்வொருவராகப் போனார்கள். முகத்தைக் கழுவினேன். வேட்டியைச் சரியாகக் கட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து என் மகள் தானாகவே மதாமிடம் போனாள்.

"மதாம், அது எங்கப்பாதான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா மதாம். கத்தினதால வேற மாதிரி இருந்தாரு."

மதாம் வெளியேறும் பிள்ளைகளின் பதிவேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். நேரத்தை அவரே எழுதினார்: பதினொன்று ஐம்பத்தேழு, ஏழுக்கு இடுப்பில் பெல்ட். நான் கையெழுத்துப் போட்டேன். அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

சைக்கிளில் வரும்போது, பெயர் கூப்பிட்டதும் ஏன் பதில் சொல்லவில்லை என்று மகளைக் கேட்டேன். "நீங்க மதாமத் திட்டினீங்க. அவங்க அழுவுற சத்தம் வருதான்னு காதக் குடுத்துட்டிருந்தேன்" என்றாள். "அழுதாங்களா?" "இல்லப்பா. பேரு கூப்பிட்டாங்க."

மத்தியானம் என் பள்ளிக்குத் திரும்பினேன். கிளார்க் எழுந்துநின்று வணங்கிவிட்டு, "நோட்டுல நாலாவது விதி இன்னா சார்?" என்றான்.

சனிக்கிழமை மதாமைப் பார்க்கப் போனேன். மயங்கி விழுந்த பெண் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் மதாம் கேட்டார்: "அன்னைக்கு உங்களுக்கு மட்டும் கேட்டத் தொறந்துருந்தா, இன்னைக்கு வந்து என்ன சொல்லியிருப்பீங்க சார்?"

"உங்களத் திட்டியிருப்பேன்."

"அதான் தொறக்கல."

பதிவேட்டைக் கேட்டில் வைத்துப் பெயர் கூப்பிடுவதை அன்றே என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதன் கீழே, இது யாருடைய வழி என்பதையும் எழுதினேன். அதற்குப் பிறகு வந்தவர்களின் பதினைந்து நாளை அலுவலகத்தில் சொல்லிப் பிரித்துவிட்டேன். ஏழு நாள் என்னிடம், எட்டு நாள் மதாமிடம். அவர் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது.

அப்படிப் போய்வந்தவர்களில் ஒருவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: "சார், மதாம் பழைய ரிஜிஸ்டர் ஒண்ணக் காட்டினாங்க. பேர விரலால மறைச்சுக்கிட்டு கையெழுத்த மட்டும் காட்டி, 'இந்த அப்பாவ பெஞ்சுல உக்கார வெச்சேன், அவரும் உக்காந்தாரு'ன்னு சொன்னாங்க. ரொம்பப் பெருமையா சொன்னாங்க. யாரு சார் அது?"

"நான்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். நம்பவில்லை. மறுநாள் போய் விரலை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வரும்படி அவரை அனுப்பினேன்.