உப்பளத்து இன்ஜினியரும் எங்கள் ஐஸ் பெட்டியும்

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு பெட்டி இருந்துச்சாம். அதுக்குள்ள ராஜா படுத்தாலும் ஆண்டி படுத்தாலும் குளிருதுன்னு ஒருத்தரும் சொன்னதில்லையாம். எங்கள் தொழிலைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாலிடெக்னிக்கில் ஏ.சி., ஃப்ரிட்ஜ் சம்பந்தமான படிப்பை முடித்துவிட்டு ஃபேக்டரி வேலைக்குக் காத்திருந்த காலத்தில், புதுச்சேரியில் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ஒருவரிடம் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் இந்தப் பெட்டி எங்கள் ஊரில் பரவலானது. பல வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் இருந்தார்கள். அவர்கள் விமானம் பிடித்து வந்து சேரும்வரை அப்பாவோ அம்மாவோ கெடாமல் இருக்க வேண்டும். சாவு வீட்டில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். பார்க்காதவர்களும் ஒரு தடவையாவது அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஆகவே நாமெல்லாம் ஒரே கூட்டம்தான்.

மாவு

முதல் வேலை சேதராப்பட்டில். என்னோடு வந்தவர் வேன் ஓட்டும் குமார் அண்ணன், குருசுக்குப்பத்துக்காரர். எங்கள் பெட்டிக்குப் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, அதிலும் கிரைண்டர் மாட்டியிருந்தது. காலையில் அரிசியைப் போட்டு ஓடவிட்ட மாமியார், அது அரைபடுவதற்குள் சாய்ந்துவிட்டார். கல்லுக்கு நடுவில் அரிசி பாதி மாவாக நின்றிருந்தது.

பிளக்கைப் பிடுங்கட்டுமா என்று கேட்டேன். நெஞ்சில் அடித்து அழுதுகொண்டிருந்த மருமகள் எழுந்து வந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “ரெண்டு சுத்து வுட்டு மாவ வழிச்சிக்கிறண்ணா, அப்புறமா அத்தைய சொருவிக்கோங்க.”

பூட்ஸ்

இனி நான் சொல்லப்போவதெல்லாம் புதுச்சேரியில் உப்பளம் என்கிற பகுதியில் ஒரே வீட்டில் நடந்தது. இறந்தவர் ஃபெலிக்ஸ் சார், ரிட்டயர்டு இன்ஜினியர். ஊர் ஊராகத் தண்ணீர் டேங்க் கட்டியவர். லீவு கிடைத்தால் மலை ஏறப் போய்விடுவார், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசையை மட்டும் விடமாட்டார். ஒரே மகள் தெரேஸ், பிரான்சில் இருந்தாள். நாங்கள் பெட்டியோடு வாசல் ஏறும்போது சாருடைய மனைவி அவளோடுதான் போனில் பேசிக்கொண்டிருந்தார். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். “நீ வந்து அப்பா மொகத்த பாக்காம எடுக்க மாட்டேன்டா கண்ணு. சத்தியம்.” மகளின் விமானம் மூன்றாம் நாள் காலையில்தான் சென்னையில் இறங்கும். அதுவரை அந்தச் சத்தியம் எங்கள் கம்ப்ரசரின் பொறுப்பு.

சார் நல்ல உயரம். கோட்டு சூட்டு போட்டு, காலில் மலை ஏறும் பூட்ஸையும் மாட்டி வைத்திருந்தார்கள். அது மதாமின் ஆசை. பெட்டிக்குள் படுக்க வைத்தால் பூட்ஸ் இடித்தது, கண்ணாடிக் கதவு மூடவில்லை. யார் போய் இதைச் சொல்வது என்று நானும் குமார் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாரின் தம்பி சேவியர் பார்த்துவிட்டார். அவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். விறுவிறுவென்று வந்து குனிந்து, முடிச்சை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் கழற்றினார். “செஞ்சி மலைய வெறுங்கால்ல ஏறுனவன் எங்கண்ணன். இப்ப மேல போறதுக்கு பூட்ஸ் எதுக்கு அண்ணி?”

டேங்குக்குக் கீழே

பெட்டியோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டும். அந்த வீட்டில் பகலெல்லாம் நான்தான் இருந்தேன். கண்ணாடியில் நீர் கோத்துக்கொண்டே இருக்கும். கடல்காற்று வீசும் ஊர், கேட்கவே வேண்டாம். துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால்தான் வருபவர்களுக்கு முகம் தெரியும். துடைக்கிறவன் காதில் எல்லாக் கதையும் விழும். சாரைக் கட்டுமரத்தில் கூட்டிப்போன மீனவர் ஒருவர் வந்தார். நடுக்கடலில் குதித்து நீந்தப்போகும் மனுஷனை வேண்டாம் என்றால், “நீ ஒரு செபம் சொல்லு, நான் ஒரு ரவுண்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் குதிப்பாராம். மலைக்குக் கூடப்போன ஆபீஸ் நண்பர், மழையில் ஒழுகிய கூடாரத்துக்குள் செபமாலையை முடிக்காமல் ஒருவரையும் சாப்பிட விடமாட்டார் என்றார்.

வயதான கொத்தனார் ஒருவர் சொன்னதுதான் என் மனதில் நின்றது. புது டேங்கில் முதன்முதலாகத் தண்ணீர் ஏற்றும் நாளில் சார் தன் பெண்டாட்டியையும் மகளையும் கூட்டி வருவாராம். டேங்குக்கு நேர் கீழே பாய் விரித்து, தண்ணீர் மேலே நிறைய நிறைய, மூவரும் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்களாம். வேலை செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா என்று கேட்டார் கொத்தனார். எல்லோரும் மதாமைப் பார்த்தோம். அவர் அழவில்லை. “எனக்கு எங்க சோறு எறங்குச்சு? அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பேன். இவரு பாட்டுக்கு பாப்பாவுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுத்துக்கிட்டிருப்பாரு.”

துணி நனையவில்லை

அன்றைக்குச் சாயங்காலம் செபமாலை. கூடமே நிறைந்து உட்கார்ந்தார்கள். எங்கள் மெஷின் கொஞ்சம் இரைச்சல் போடும். பின்னால் இருந்த கிழவிகளுக்கு முன்னால் சொல்வது கேட்கவில்லை, ஆளுக்கொரு பக்கம் பதில் சொன்னார்கள். நான் அங்கே இல்லை, பிறகு சொல்லிக் கேட்டதுதான். இன்னொரு சாவுக்குப் பெட்டி இறக்க ஆள் போதவில்லை என்று முதலாளி கூப்பிட்டிருந்தார். “நாங்க பாத்துக்கிறோம், போய்ட்டு காலையில வா” என்று சொல்தாதான் அனுப்பிவைத்தார்.

மறுநாள் விடிந்ததும் போனேன். பழக்கத்தில் துணியை எடுத்துக் கண்ணாடியை ஒரு இழுப்பு இழுத்தேன். துணி நனையவில்லை. கண்ணாடி உலர்ந்து பளிச்சென்று இருந்தது. உள்ளே முகம் நன்றாகத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். உதடு தடித்து, கழுத்தோரம் பச்சை ஓடி, நேற்றுப் பார்த்த சாராக அவர் இல்லை. சுவர்ப்பக்கம் குனிந்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது. கண் விழித்திருந்தவர்கள் மேலே ஓடிய மின்விசிறியின் சத்தத்தையே மெஷின் சத்தம் என்று நினைத்திருந்தார்கள்.

மதாம் என் பின்னால் வந்து நின்றார். நான் சுவிட்சைப் போட்டதும் மெஷின் உறுமத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் அவர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் கேட்டது. “செபம் அவருக்குக் கேக்கட்டும்னு நான்தாம்பா நிறுத்துனேன். முடிஞ்சதும் போடணும்னுதான் இருந்தேன்.”

வாய் இல்லாத மெஷின்

குமார் அண்ணன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இனி எவ்வளவு குளிர் வைத்தாலும் போனது போனதுதான். பங்குச் சாமியாரிடம் ஆள் போனது. சாயங்காலமே அடக்கம் என்று முடிவாயிற்று. “எம்பொண்ணு பாக்குற மொகமா இது? மூடிடுங்க” என்றார் மதாம். அதோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டார். மகள் அந்நேரம் விமானம் ஏறப் புறப்பட்டிருந்தாள். அவள் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவளுக்குச் சொல்ல வழியில்லை.

சொல்தா எங்களைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிப்போனார். முதல்நாள் அதிகாரமெல்லாம் காணோம். “அண்ணிக்கு இனிமே இருக்கறது அவ ஒருத்திதாம்பா. அம்மா பண்ணதுன்னு தெரிஞ்சா அப்படியே திரும்பிப் போய்டுவா, அப்பன மாதிரி புடிவாதக்காரி. மெஷின் நின்னு போச்சுன்னு நீங்க சொல்லிடுங்க.” குமார் அண்ணன் பெட்டியின் மேல் தட்டிவிட்டுச் சொன்னார்: “போட்டுக்கங்க சார் இதுமேல. இதுக்குத்தான் வாயில்லியே.”

சத்தம்

மூன்றாம் நாள் கல்லறைக்கு நானும் போனேன். பொய் சொல்ல ஆள் வேண்டுமே. தெரேஸ் காரிலிருந்து இறங்கும்போதே மண்மேட்டைப் பார்த்துவிட்டாள். கூச்சல் போடவில்லை. முட்டி போட்டு, ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, “யாரு பெட்டிக்காரர்?” என்று கேட்டாள்.

நான் முன்னால் போனேன். “மெஷின் நின்னுபோச்சுக்கா. மன்னிச்சிக்கங்க.”

“எதனால நின்னுச்சு? கரண்ட் போச்சா?”

“இல்லக்கா... கம்ப்ரசர்.”

“சத்தம் நின்னா தெரியாதா? ஊரே உக்காந்திருந்துச்சே, ஒருத்தருக்குமா கேக்கல?”

சொல்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதாம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “அந்தப் புள்ளைய கேக்காத தெரேஸ். மெஷின் நல்லாதான் இருந்துச்சு. அந்தச் சத்தத்துக்காக நான்தான் நிறுத்துனேன். செபம் அப்பாவுக்குக் கேக்கணும்னு.”

தெரேஸ் அம்மாவைப் பார்த்தாள். கையிலிருந்த மண்ணைக் குழிமேட்டில் உதறினாள். “கேட்டுச்சாம்மா அவருக்கு?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொல்தா அவள் பின்னால் ஓடினார். மதாம் மட்டும், கேள்வி இன்னும் அங்கேயே நிற்பதுபோல் மேட்டருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கார் நின்ற பக்கம் திரும்பாமல், அடுத்த வாசல் வழியாகத் தனியாக நடந்து போனார்.

இந்தத் தொழிலில் எங்கள் மெஷின் ஒரு தடவைகூட நிஜமாகப் பழுதானதில்லை, அன்றைக்கு ஒருநாள் அது பழுதாகியிருந்தால் எல்லோருக்கும் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.