சுகிர்தராணி கறந்த பால்

ஓமான் தேசத்தில், சலாலாவுக்குக் கிழக்கே, தாக்கா என்ற ஊருக்குப் போகிற வழியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பொட்டல். எழுபத்து நாலாம் வருசம் அதில் மூன்று கூடாரம் போட்டிருந்தார்கள். மலையில் சண்டை. அரசாங்கப் படை ஒரு பக்கம், போராளிகள் ஒரு பக்கம். நடுவில் அகப்பட்ட மலைச்சனம் மாடும் பிள்ளைகளுமாகக் கீழே இறங்கி வந்துகொண்டே இருந்தது. அவர்களுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அந்தக் கூடாரங்கள். டாக்டர் எப்போதாவது வருவார். மற்றபடி எல்லாமே சுகிர்தராணிதான்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பெண். நெய்யூரில் நர்சுக்குப் படித்துவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்கு வந்தவள். சலாலாவுக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது மற்றவர்களுக்கெல்லாம் தலைவலி, வயிற்றுவலி. இவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். பெரிய தைரியசாலி என்று நினைத்துவிட வேண்டாம். மலையில் குண்டு விழும் சத்தம் கேட்டால் “யேசுவே” என்று கையில் இருக்கிற ஊசியைக் கீழே போட்டுவிடுவாள். பிறகு வேறொரு ஊசியைக் கொதிக்கவைத்து எடுத்துக்கொண்டு வருவாள். திரும்ப வருவாள் என்பதுதான் அவளிடம் இருந்த விசேஷம்.

கூட இரண்டு தமிழர்கள். காயல்பட்டினத்து சுஐபு சமையல்காரர். அவர் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற அர்த்தத்தில், சுகிர்தராணி அவரைக் ‘காக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். இந்தக் கரையில் நெடுநாள் கிடந்தவர், அரபி தண்ணீர்பட்ட பாடு. குளச்சல் பத்திநாதன் டிரைவர். நோயாளி இல்லாத வேளையில் அவருடைய லேண்ட் ரோவர் கருவாட்டு வண்டி ஆகிவிடும். மலைக்காரர்களின் மாடுகளுக்குப் பொட்டலில் புல் ஏது? அந்த ஊர் வழக்கப்படி காய்ந்த சாளை மீனைத்தான் தீனியாகப் போடுவார்கள். கடற்கரையில் மூட்டை மூட்டையாக வாங்கிவந்து போடுவது பத்திநாதன் பாடு.

“எங்க ஊருல இந்தச் சாளைக்கு மனுசன் அடிபிடி கூடுவான் சிஸ்டரே. இஞ்ச மாடு திங்குது. மாடாப் பொறந்திருக்கணும்” என்பார்.

“பொறந்திருந்தாலும் வண்டிதான் இழுத்திருப்பீரு” என்பார் சுஐபு.

ஒரு நாள் காலையில் ஒரு கூட்டம் வந்தது. நாலைந்து பெண்கள், பிள்ளைகள், ஒரே ஒரு பசு. ஆம்பிளை என்று ஒரு கிழவர் மட்டும். பகீத் என்று பெயர். எரிகிற குடிசைக்குள் கையை விட்டுப் பேரப்பிள்ளையை இழுத்தெடுத்தவர். இரண்டு கையும் வெந்து கிடந்தது. சுகிர்தராணி புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, விரல் நுனிகூடத் தெரியாமல் கட்டிவிட்டாள்.

அவர் இழுத்தெடுத்த பிள்ளை முசல்லம். நாலு வயசு இருக்கும். மணல்வாரி அம்மை வந்து, அது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டிருந்தது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய்ப்போய் வந்தது. பென்சிலின் போட்டாள். ஒரு ஊசியில் தீர்கிற சங்கதி இல்லை. காலையும் மாலையும் சில நாளாவது போட்டாக வேண்டும். பிள்ளை கூடாரத்தில் கிடந்தாக வேண்டும். வயிற்றுக்கும் ஏதாவது போக வேண்டும். பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் துப்பிவிட்டான். தாய்க்காரி துஃபூல் கிண்ணத்தை முகர்ந்து பார்த்து என்னவோ கேட்டாள். மலைப் பேச்சு. பகீத் கிழவர் அதை அரபியில் சொல்ல, சுஐபு தமிழில் சொன்னார்.

“எந்தப் பசுவோட பாலுன்னு கேக்குறா நர்சம்மா.”

“டப்பாப் பாலுன்னு சொல்லுங்க காக்கா.”

“சொன்னேன். டப்பாவுக்கு மடி எங்கேங்குறா.”

மத்தியானம் வெளியே பசு கதற ஆரம்பித்தது. சுகிர்தராணி போய்ப் பார்த்தாள். மடி கல்லுப்போல் கனத்து, காம்பில் சொட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் செத்த கன்றின் தோல். உள்ளே புல் அடைத்துத் தைத்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டதும் அவளுக்கு மனசு லேசாகிவிட்டது. அவள் வீட்டிலும் கன்று செத்தால், பசு பால் இறக்குவதற்காக இதேதான் செய்வார்கள். எல்லா ஊரும் ஒரே ஊர்தான் என்று நினைத்துக்கொண்டாள். தப்பு அங்கேதான் நடந்தது. அலுமினியக் கிண்ணத்தை எடுத்துவந்து, தோல்கன்றைப் பசுவின் மூக்குக்கு நேரே வைத்து, குத்தவைத்து உட்கார்ந்தாள். ஏழு வயசிலிருந்து கறந்த கை. சர் சர்ரென்று பால் இறங்கி, கிண்ணத்தில் நுரை கட்டியது.

முதலில் ஒரு பெண் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒருத்தி சுகிர்தராணியைத் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள். துஃபூல் கிண்ணத்தைப் பிடுங்கிப் பாலை மணலில் கொட்டினாள். கிழவர் கட்டுப்போட்ட கைகளை வானத்துக்குத் தூக்கிக் கத்தினார். சுஐபு அகப்பையோடு ஓடிவந்தார்.

“என்ன காக்கா? நான் என்ன செய்தேன்?”

“பொம்பள கை மடியில படப்பிடாதாம்மா. பட்டா மாடு வத்திப்போகுமாம், செத்தும் போகுமாம். ஆம்பளதான் கறக்கணுமாம்.”

“ஆம்பளயா? எங்க அப்பா மாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டாரே!”

“அது உங்க வீட்டுச் சட்டம். இது இவங்க சட்டம்.”

அதற்குள் துஃபூல் மூட்டையைக் கட்டிவிட்டாள். பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். குடிசை எரிந்தபின் ஒதுங்கியிருந்த மலையடிவாரத்துக் குகைக்கே திரும்பிப் போகிறாளாம். சுகிர்தராணிக்குக் கை கால் ஓடவில்லை. சாயங்கால ஊசி பாக்கி. இந்தப் பிள்ளை ஒரு இரவு குகைக் குளிரில் கிடந்தால் அடுத்த நாள் இருக்காது. அவளுக்கு அது தெரியும். தாய்க்காரிக்கோ, உள்ள ஒரே பசுவும் போனால் மற்றப் பிள்ளைகளும் போகும். அதுவும் உண்மைதானே? யாரைக் குற்றம் சொல்வது?

சுகிர்தராணி கிழவர் முன்னால் போய் நின்று கும்பிட்டாள். “தெரியாமச் செய்துட்டேன். இதுக்கு என்ன வழின்னு கேளுங்க காக்கா.”

கிழவர் பசுவை ஒருதரம் சுற்றிவந்து மடியைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை சுஐபு அப்படியே தமிழில் சொன்னார்: “பசு நல்லா இருக்கான்னு பாக்கணும். ஒரு ஆம்பள கறந்து, அது பாலை இறக்கினா, ஒண்ணும் ஆகலைன்னு அர்த்தம். இவங்க இருப்பாங்க. நானே கறந்திருப்பேன். என் கையைத்தான் நீ கட்டிப் போட்டிருக்கியே.”

முதலில் சுஐபு போனார். பசு ஒரு உதை விட்டது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“தினம் ஆடு அறுக்குற கை நர்சம்மா. வாடை அதுக்குத் தெரியாமலா இருக்கும்?”

அந்த நேரத்தில் சாளை மூட்டைகளோடு வந்து இறங்கினார் பத்திநாதன். விசயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“மாடா? நான் மீன் பிடிக்கிற கடப்புறத்துக்காரன் சிஸ்டரே! பாலு எந்தப் பக்கத்துல வருமுன்னுகூட எனக்குத் தெரியாது.”

“நான் சொல்லித் தாரேன் அண்ணே.”

“தொட்டுக் காட்டவும் கூடாது, பொறவு எப்படிச் சொல்லித் தருவிய?”

சுகிர்தராணி கூடாரத்துக்குள் ஓடினாள். ரப்பர் கையுறை ஒன்றை எடுத்து, தண்ணீர் நிறைத்து, வாயைக் கட்டி, விரல் நுனிகளில் ஊசியால் குத்தினாள். வெளியே கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தாள்.

“இதுதான் மடி. மேல ரெண்டு விரலால இறுக்கணும். பொறவு ஒவ்வொரு விரலா அமத்திக்கிட்டே கீழ வரணும். இழுக்கப்பிடாது.”

பத்திநாதன் கரைவலை இழுக்கிற இழுப்பு இழுத்தார். கையுறை பீச்சியடித்ததில் சுஐபுவின் மூஞ்சியும் தாடியும் நனைந்தது.

“யா அல்லா! கறக்கச் சொன்னா குளிப்பாட்டுறீரே!”

ஒரு பெண் சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லாப் பெண்களும் முக்காட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். துஃபூல் சிரிக்கவில்லை. ஆனால் புறப்படத் தயாராக நின்றவள் போகவில்லை. மூட்டையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். இறுக்கு, அமத்து, இறுக்கு, அமத்து என்று பாடம் நடந்தது. இரண்டு கையுறை கிழிந்தபின் பத்திநாதனுக்கு ஒருமாதிரி பிடிபட்டது.

அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பசுவிடம் போனார். பசு தலையைத் திருப்பி அவர் கையை முகர்ந்தது. காலையிலிருந்து சாளைக் கருவாடு அள்ளிய கை. நீட்டி ஒரு நக்கு நக்கியது. பிறகு சொரசொரப்பான நாக்கால் முழங்கை வரைக்கும் நக்கிக்கொண்டே நின்றது.

“ஏய், கூசுது! சிஸ்டரே, இது என்னைத் தின்னுருமோ?”

“அது சந்தோசத்துல நிக்குது அண்ணே. இருங்க, உக்காருங்க.”

கிழவர் பசுவின் கழுத்தோரம் நின்று தொண்டைக்குள் என்னவோ முனகினார். சுகிர்தராணி பத்தடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முதலில் ஒன்றும் வரவில்லை. மலைப்பக்கம் எங்கோ குண்டு விழுந்தது. அன்றைக்கு அவள் “யேசுவே” என்றது குண்டுக்காக இல்லை. அப்புறம் கிண்ணத்தில் ஒரு கீற்று விழுந்த சத்தம் கேட்டது. அதன்பின் இன்னொன்று. கோணல்மாணலாகப் பாதி மணலிலும் பாதி கிண்ணத்திலுமாகப் பால் இறங்கியது.

பத்திநாதன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, ருசி பார்க்கக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோனார். கிழவர் ஒரு சத்தம் போட்டார்.

“கறந்தவன் முதல்ல குடிக்கப்பிடாதாம் ஓய். இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டுத்தான் குடிக்கணுமாம்” என்றார் சுஐபு.

பத்திநாதன் துஃபூலிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. சுகிர்தராணிக்கு எதிரே வந்து நின்று, பின்னால் கட்டியிருந்த அவள் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, கிண்ணத்தை அதில் வைத்தாள். சுகிர்தராணி ஒரு மிடறு குடித்தாள். கண்ணீரும் கொஞ்சம் சேர்ந்தே உள்ளே போனது. அதன் பிறகுதான் தாய்க்காரி விரலால் தொட்டுத்தொட்டுப் பிள்ளையின் உதட்டில் வைத்தாள். பிள்ளை துப்பவில்லை. சாயங்கால ஊசிக்குத் தாயே பிள்ளையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

இருந்தார்கள். விலா எலும்பு உள்ளே போவது நின்றது. பிள்ளை அழத் தெம்பு வந்து அழுதான். அப்புறம் கூடாரக் கயிற்றில் தொங்கத் தெம்பு வந்து தொங்கினான். பத்திநாதன் காலையும் மாலையும் பால்காரர் ஆனார். “குளச்சலுக்கு இந்தக் கதை போகப்பிடாது கேட்டியளா” என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

தாக்காவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்து அவர்கள் புறப்பட்ட அன்று, சுகிர்தராணி கிழவரின் கைக்கட்டைக் கடைசியாக ஒருதரம் மாற்றிவிட்டுச் சொன்னாள்: “காக்கா, இவங்க எல்லாருக்கும் நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க.”

“கிறுக்கா உனக்கு? மருந்து போட்டது நீ. அவங்கல்லவா சொல்லணும்?”

“நீங்க சொல்லுங்க.”

சுஐபு சொன்னார். கிழவர் முகத்தைச் சுளித்து, எதற்கு என்று கேட்டார். முசல்லம் அதற்குள் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான். சுகிர்தராணி அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“தங்குனதுக்கு.”