சரக்கு விமானத்துக்குப் போன தோட்டம்

விமான ஆலைக்காரர்கள் இடம் கேட்டது டீர்க் லூயர்ஸுக்குப் பெரிய கோபமில்லை. கேட்கிற காரணத்தை ஆளுக்கொன்றாக, வருடத்துக்கொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தார்களே, அதுதான் அவருக்கு எரிச்சல். முதலில், உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானம் வந்து இறங்க ஆலையின் ஓடுபாதை போதாது என்றார்கள். ஆற்றில் மண்ணைக் கொட்டி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டார்கள். பிறகு, பயணிகள் விமானத்துக்கு இது போதும், அதே விமானத்தின் சரக்கு வடிவத்துக்குத்தான் போதாது, அது இன்னும் கனம், இன்னும் தூரம் ஓடித்தான் எழும்பும் என்றார்கள். இந்த முறை நீட்ட வேண்டியது ஊர்ப்பக்கம். குறுக்கே கிடந்தது டீர்க்கின் எல்ஸ்டார் வகை ஆப்பிள் தோட்டம்.

எல்பே ஆற்றின் அணைக்கரைக்குக் கீழே இருக்கிறது எங்கள் ஊர். இங்கே ஒரு வீட்டுக்கு ஆப்பிள் சோறு போடும், அடுத்த வீட்டுக்கு விமானம். டீர்க் வீட்டில் இரண்டும் உண்டு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மகள் ஆன்கேயும்தான். ஆன்கே ஆலையில் வேலை செய்தாள். இடத் தகராறு தொடங்கிய நாளிலிருந்து அப்பாவும் மகளும் மழையைப் பற்றிப் பேசினார்கள், பன்றிக்கறி விலையைப் பற்றிப் பேசினார்கள், ஆலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசினால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும்.

டீர்க்கின் தோட்டத்தை ஒட்டிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஹார்ம் ஃபைண்ட்டின் தோட்டம். அதையும் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளிகள். ஒருவன் கொடுக்காமல் இன்னொருவன் கொடுப்பதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள்.

"இன்னிக்குச் சரக்கும்பான், நாளைக்கு யானை ஏத்தணும்பான். நீ வெட்டி வெட்டிக் கொடுத்துக்கிட்டே இருப்பியா?" என்றார் ஹார்ம்.

"நான் எங்கேடா கொடுத்தேன்? சும்மா இரு" என்றார் டீர்க்.

அப்படியிருந்தவர் மாறியது தீயணைப்புப் படைக் கூடத்தில் நடந்த கூட்டத்தில். ஆலையிலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்திருந்தார். வெண்ணெய்க் கேக்கும் காப்பியும் வைத்திருந்தார்கள். அதைத் தின்றுகொண்டே ஊரே அந்த அம்மாவைத் திட்டியது. டீர்க் எழுந்தார்.

"ஆள ஏத்துற விமானம் ஒண்ணு பண்றீங்க, சரி. அதோட கூடவே சரக்குக்குன்னு இன்னொண்ணு எதுக்கு? ஒண்ணோட நிறுத்தினா என்ன?"

"அது இன்னொண்ணு இல்ல சார், ஒரே உடம்பு" என்றார் அவர். "இறக்கை, வால், எஞ்சின் எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். ஜன்னல எடுத்துட்டு, தரையப் பலமாக்கி, பெரிய கதவு வெச்சா சரக்கு விமானம். இவ்ளோ பெருசா சரக்குக்குன்னே ஒண்ண முதல்லேருந்து வரையறதுக்கு யாரும் பணம் போட மாட்டாங்க. ஆள் விமானத்துக்குப் போட்ட பணம் இதுலயும் திரும்பி வரும். விமான நிலையத்துல நெரிசல், அதனால பெரிய விமானம் வேணும்னு ஒரு வருஷம் கேப்பாங்க. மறு வருஷம் ஜனங்க பறக்கறதக் குறைச்சிடுவாங்க. அப்போ சரக்குதான் ஆலைய ஓட்டும். ரெண்டு காலும் இருந்தாத்தான் நிக்க முடியும்."

டீர்க்கின் முகம் மலர்ந்துவிட்டது. பாவி மனிதருக்குப் புரிந்துவிட்டது, புரியாமலே இருந்திருக்கலாம்.

"அட, இது நம்ம சாறு ஆப்பிள் கதைடா" என்று கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "சாறு பிழியறதுக்குன்னு எவனாவது மரம் நடறானா? கடிச்சுத் திங்கறதுக்குத்தான் நடறோம். கீழ விழுந்தது, ஆலங்கட்டி அடிச்சதெல்லாம் சாறுக்குப் போகுது. விலை படுத்த வருஷம் அதுதானே கை கொடுக்குது? மரம் நிக்கிற வரைக்கும் சாறு ஆப்பிள் வந்தே தீரும். அப்போ இதுவும் வரும்."

கூடம் சிரித்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதை அப்படியே போட்டது. அந்த வாரமே டீர்க் கையெழுத்துப் போட்டார். அவர் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: பயணிகள் விமானம் விற்காத வருடத்தில் ஆன்கேயை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, சரக்கு அவள் வேலையைத் தாங்கும். இதை மகளிடம் சொல்லவில்லை. உனக்காக மரத்தைக் கொடுத்தேன் என்று சொல்லிக்காட்டுகிற தகப்பனாக இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஹார்முக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவரும் போட்டார்.

காய்த்துக்கொண்டிருந்த மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். வாய்க்காலை மணலால் மூடினார்கள். ஓடுபாதை நீண்டது.

ஆனால் பயணிகள் விமானமே சொன்ன காலத்தில் முடியவில்லை. சரக்கு வடிவத்தில் வேலை செய்தவர்களையெல்லாம் அதற்கு இழுத்துக்கொண்டார்கள். சரக்கு விமானம் கேட்டிருந்த கம்பெனிக்காரர்கள் காத்திருந்து அலுத்து, ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சரக்கு விமானம் 'தள்ளிவைப்பு' என்று செய்தி வந்தது. ரத்து என்று சொல்லக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை. பிடுங்கிய மரத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று டீர்க் வானொலியைப் பார்த்துக் கேட்டார்.

ரொட்டிக் கடை வாசலில் ஹார்ம் பிடித்துக்கொண்டார்.

"என்ன டீர்க்கு, சாறு வந்துச்சா?"

"விடுடா."

"எப்படி விடறது? ஆப்பிள் தானா விழும், நாம பொறுக்கலாம். விமானத்த ஒருத்தன் கேக்கணும், ஒருத்தன் காசு கொடுக்கணும், அப்புறம்தான் பண்ணுவான். இது தெரியாமப் போச்சே நமக்கு. உன் பேச்சக் கேட்டு எங்கப்பன் வெச்ச மரத்தக் கொடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

ஹார்ம் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் டீர்க்கைத் தின்றது. அன்று மத்தியானம் உருளைக்கிழங்கைத் தட்டில் நசுக்கிக்கொண்டே இருந்தவர், ஆன்கேயைப் பார்த்து வெடித்துவிட்டார்.

"உன்ன எப்ப வீட்டுக்கு அனுப்பப் போறாங்க?"

"என்ன எதுக்கு அனுப்பணும்?"

"சரக்கு விமானம்தான் இல்லைன்னு ஆயிடுச்சே. அது உன் வேலையத் தாங்கும்னுதானே தோட்டத்தக் கொடுத்தேன்."

ஆன்கே முள்கரண்டியை வைத்தாள். "அப்பா, நான் அங்க என்ன வேலை பண்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"விமானம் பண்றே."

"ஜனங்க உக்கார்ற சீட்டு மாட்டறேன். சீட்டு, ஜன்னல் ஓரத்துப் பலகை, தலைக்கு மேல இருக்கிற பெட்டி. சரக்குக்கு எதுக்குப்பா சீட்டு? அதுல ஜன்னலே கிடையாது. ஆலை முழுக்க அதத்தான் பண்ணியிருந்தா, முதல்ல என்னத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"எனக்காகன்னு நீங்க எப்பச் சொன்னீங்க? காசு வேணும்னு கொடுக்கிறீங்கன்னு நெனச்சேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகல."

எந்த மரம் எந்தக் கோடையில் எப்படிக் காய்த்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மனிதர். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகள் நாளெல்லாம் கையில் எதை வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரியாமலே தோட்டத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தார். இனி யார்மேல் எரிந்து விழுவதென்று தெரியவில்லை.

"அந்தச் சீட்ட எப்படி மாட்டுவே?" என்று கேட்டார்.

"இப்பவா கேக்கறீங்க" என்றாள் ஆன்கே. எழுந்து இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.