துரத்திய வண்டு

என் அண்ணி தையற்காரி. காட்டை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் அவருடைய மெஷின். துணி தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்துவிட்டுச் சும்மா போய்விட முடியாது. வெளியே எந்தக் கிளையில் என்ன பறவை என்று அவர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

அவர் மானத்தை வாங்கியதும் ஒரு பறவைதான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் காட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, "ஒரு கறுப்புப் பறவைங்க! ரெண்டு வண்டு அதை விடாம தொரத்துது!" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனோ பஸ் கண்டக்டர்; டிக்கெட்டோடு சேர்த்து இந்தக் கதையையும் கிழித்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அண்ணிக்கு 'வண்டு டெய்லர்' என்று பெயர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கண்ணால் பார்த்ததைச் சொன்னவருக்குப் பொய்க்காரிப் பட்டமா?

போன ஞாயிறு காலை, "வா தம்பி, இன்னைக்கு அதை விடப்போறதில்ல" என்று என்னை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். மேலே மைனா கத்தியது, பிறகு பருந்து, பிறகு, சத்தியமாக, பூனை! நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் ஒரே பறவை. அடேயப்பா, என்ன தொண்டை! பளபளக்கும் கறுப்பு, நெற்றியில் சுருண்ட கொண்டை, பிளந்த வால். விருட்டென்று பறந்தது. பின்னாலேயே வண்டு!

"அண்ணி, வண்டு! வண்டு!" நான் குதித்தேன்.

"ஒண்ணுதானேப்பா தொரத்துது? இன்னொண்ணு எங்க?" அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது.

எழுந்தபோது காலடியில் கிடந்தது அது. கம்பி போல் நீண்ட கறுப்பு இறகு; நுனியில் மட்டும் முறுக்கிக்கொண்ட சிறு துடுப்பு. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ தம்பி, வண்டே இல்லப்பா, வாலு! நூல் நுனியில பட்டன் தொங்குது பாரு! நூலு தெரியல, பட்டன் மட்டும் பறந்திருக்கு!"

சந்தோஷத்தில் என் முதுகில் வைத்தார் ஒரு அறை. இன்னும் வலிக்கிறது. அந்தப் பறவைக்குத் துடுப்புவால் கரிச்சான் என்று பெயராம்.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் இறகை வைத்தார்.

"என்ன இது?"

"இத்தனை வருஷமா நீங்க சிரிச்ச வண்டு."

அண்ணன் அதைத் தூக்கி வேகமாக ஆட்டினான். கம்பி மறைந்தது, துடுப்பு மட்டும் பறந்தது. மறுபடியும் ஆட்டிப் பார்த்தான். கடைசியில், "ரெண்டுன்னு சொன்னியே, இன்னொண்ணு?" என்றான்.

"அது இன்னும் தொரத்திட்டுத்தான் இருக்கு. நாளைக்கு பஸ்ல அதையும் சொல்லுங்க."

சொன்னான். மறுநாள் காலை டிக்கெட் பையில் இறகைச் செருகிக்கொண்டு போய், ஏறிய முதல் ஆளிடமே சொன்னான்: "என் பொண்டாட்டி பார்த்தது நிஜம்ங்க. நான்தான் பார்க்கல."