கதவைத் திருப்பி வைத்த சிவக்கொழுந்து ஐயா

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். சைக்கிளில் வந்த ஒருவர், "சிவக்கொழுந்தர் மோசம் போட்டார், நாளைக்குச் செத்தவீடு" என்றார். "அது ஆர்?" என்று கேட்டேன். "உங்கடை கக்கூசு ஐயா" என்ற பிறகுதான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் இருந்தேன். பதினெட்டு வருடமாக அந்தப் பட்டப்பெயரிலேயே அவரைக் கூப்பிட்டு வந்தேன். வைத்தவனும் நான்தான். அச்சுவேலிப் பக்கத்தில் அவரை அறிந்த நீங்கள் எல்லாரும் அதை என்னிடமிருந்துதான் பிடித்தீர்கள்.

அவர் சுகாதாரப் பரிசோதகராக வந்த வருடம் பன்னிரண்டு வீடு உள்ள எங்கள் ஒழுங்கையில் நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்டு. அயல் வீடுகளில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். ஆறு வயதான என் மகள் இருபத்தொரு நாள் பாயில் கிடந்து தப்பினாள். இன்னொரு காய்ச்சல் வருத்தத்தை அந்த உடம்பு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாரி வந்தால் கிணறு நிலமட்டத்துக்கு ஏறும். பனங்காணியில் நாங்கள் ஒதுங்கிய அசுத்தமெல்லாம் குடிதண்ணீரில் கலக்கும். மாரிக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

கக்கூசு இல்லாமல் இல்லை. அரசாங்கம் தந்த சீமெந்தில் பன்னிரண்டு வீட்டிலும் கட்டியிருந்தோம். ஒழுங்கையிலே கல்லால் கட்டியவை அவை மட்டுந்தான். போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று வெள்ளை அடித்து, கதவையும் ஒழுங்கைப் பக்கம் வைத்தோம். நனையாத இடம் என்பதால் உள்ளே விதை வெங்காயம் கட்டித் தொங்கவிட்டோம். முன்பு வந்த பரிசோதகர்கள் வழக்குப் போடுவோம் என்பார்கள். அன்றைக்கு வெங்காயம் வெளியே வரும், மறுநாள் உள்ளே போகும்.

இவர் எட்டிப் பார்த்து, "வெங்காயம் நல்லாய்க் காஞ்சிருக்கு, தம்பி" என்றார். அவ்வளவுதான். பிறகு மூன்று நாள் எதிர் வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார்.

"என்ன ஐயா, கக்கூசுக்குக் காவலோ?" என்று கேட்டேன்.

"நீர் உதுக்குள்ளை போறனீரோ?"

"ஓம், வெங்காயம் எடுக்க."

அவர் சிரித்துவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். "தங்கச்சி, நீர் ஏன் போறேல்லை?"

அவள் குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி சொன்னாள். "ஒழுங்கையாலை போற சனம் முழுக்கப் பாக்க, செம்போடை நான் உதுக்குள்ளை போறதோ? வடிவாய்த் தெரியட்டுமெண்டு வெள்ளை வேறை அடிச்சு வைச்சிருக்கிறார்."

அவள் ஒவ்வொரு நாளும் பொழுதுபடும்வரை அடக்கிக்கொண்டிருந்தாள். அது எனக்கு அன்றுதான் தெரியும். "ஆம்பிளையளைக் கேட்டால் சட்டம் கதைப்பினம், பொம்பிளையளைக் கேட்டால் காரணம் வரும்" என்று ஐயா பிறகும் அடிக்கடி சொல்வார்.

"கதவைப் பின்னுக்குத் திருப்பும்" என்றார். "ஏனெண்டு ஆர் கேட்டாலும் சொல்லாதையும்."

"சொல்லாமல் இருக்க எனக்கு வராது, ஐயா."

"அதுக்குத்தான் உம்மைப் பிடிச்சனான். நீர் வாயை மூடினால் ஊர் பயந்துபோகும்."

சுவரை உடைத்தேன். வேலி ஓட்டையெல்லாம் கண். "என்னடாப்பா, சாத்திரியார் ஏதும் சொன்னவரோ?" என்று பக்கத்து வளவு அண்ணை கேட்டார். நான் பேசவில்லை. நான் பேசாததே ஊரில் பெரிய செய்தியாகிவிட்டது. அன்று பின்னேரமே அவர் வளவிலும் அலவாங்கால் சுவர் இடிக்கிற சத்தம். அண்ணையின் பெண்சாதியிடம் என் மனைவி காரணத்தைச் சொல்ல, அது என் வாயைவிட வேகமாக ஓடியது. பத்தே நாளில் பன்னிரண்டு கதவும் திரும்பின. பெண்களே வெங்காயத்தை அவிழ்த்து எங்கள் படுக்கைக்கு மேலே கட்டிவிட்டார்கள். அந்த மணத்திலே கிடந்து நான் சந்தோசத்தில் சிரித்த சிரிப்பு, அப்பப்பா.

அந்த மாரியில் ஒரு பிள்ளையும் பாயில் விழவில்லை. என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று. ஒருவன் நல்லதைச் செய்யவில்லை என்றால், ஏசுவதற்கு முன் அவன் வாசலில் கொஞ்சநேரம் நின்று பார்ப்பேன். ஏசாமல் இருப்பது கஷ்டந்தான். பகிடி விட்டுச் சிரித்துச் சமாளிக்கிறேன்.

மாரி முடிய, யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய அதிகாரி பார்க்க வந்தார். கக்கூசை ஒருவரும் பாவிப்பதில்லை, உள்ளே வெங்காயந்தான் தொங்குது, எல்லாம் வெறும் கதை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஐயா முகம் வாடி நின்றாராம். எனக்கோ படபடப்பில் காலையிலிருந்து வயிறு சரியில்லை. அதிகாரி முதலில் எங்கள் வளவுக்குத்தான் வந்தார். கதவை இழுத்தார். இறுகியிருந்தது. இன்னொரு முறை இழுத்தார். தகரக் கதவு பிணைச்சலோடு அவர் கைக்கு வந்தது. உள்ளே நான் இருந்தேன். "வாங்கோ" என்றேன். அவர் கதவை வேலியில் சாத்தி வைத்துவிட்டு, "பாவனையில் உள்ளது" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.