போனில் பதிந்த பாடங்கள்

ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் முடிந்ததும் அந்த அம்மா நேராக எங்கள் பள்ளிக்கு வருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். எழுத்து பிடிபடாத மகளுக்காகப் பாடங்களைத் தானே சத்தமாக வாசித்துப் போனில் பதிந்துவைப்பார். மகள் அதைக் கேட்டே படிப்பாள்.

"வாயால கேட்டா அம்புட்டையும் சொல்லிருவா டீச்சர். ஒருக்கா கேட்டுப் பாருங்களேன்."

"எழுதுனாத்தாம்மா மார்க்கு" என்றேன். ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் சொல்லச் சொல்ல வேறொருவர் தேர்வு எழுதலாம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஆசிரியர் பயிற்சியில்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவள் பத்தாவதில் தோற்றுப் படிப்பை விட்டிருந்தாள்.

சில வருடம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

"நல்லா இருக்கீகளா டீச்சர்?"

பக்கத்தில் மகளும் எழுந்து நின்றாள். அவள் தலைமுடியிலும் பஞ்சு.