அறைக்குள் ஓடும் லண்டன் நேரம்

இணையத்தளத்தின் பெயரைக் கேட்டால் அது இருக்கும் கணினியின் எண்ணைச் சொல்வதுதான் எங்கள் பெயர்ச் சேர்வரின் வேலை. அது வாய் திறக்காவிட்டால் எந்த இணையத்தளமும் திறக்காது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சின்ன இணைய நிறுவனத்துக்குக் கூட்டித் துடைக்கப் போனவள், பார்த்துப் பழகி, இன்று சேர்வரையே பார்க்கிறேன். இதே வேலையில் தேர்ந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறந்து கிடந்த வீடு

சேர்வர் என்பது ஒரு கணினியில் ஓடும் நிரல்தான்; அந்தக் கணினி முழுவதையும் அதற்குத் திறந்து விட்டிருந்தோம். இடம் நிறையக் கிடக்கிறதே என்று, லண்டனில் இருக்கும் மகள் ரஜிதா அனுப்பிய குரல் பதிவுகளையும் அதிலேயே போட்டு வைத்தேன். ஆறு வருடக் கதை. ஒருநாள் யாரோ சேர்வர் வழியாக நுழைந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். வாடிக்கையாளரின் கோப்புகளுக்குப் பிரதி இருந்தது. மகளின் குரலுக்கு இல்லை. என்னோடு வேலை செய்யும் கிண்ணியா நஸீர் திரையைப் பார்த்தபடி சொன்னார்:

"கள்ளன் வந்தது ஒரு வாசலால அக்கா. முழு வீட்டையும் காட்டினது நாங்கதான்."

மூன்று தரம்

பிறகு, அறைக்குள் பூட்டுவது போல, சேர்வரை ஒரு தனிக் கோப்புறைக்குள் பூட்டினோம். அதற்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். வெளியே எட்டிப் பார்க்க ஏலாது. அதற்குத் தேவையான கோப்புகளின் பிரதிகளை உள்ளே வைத்தோம்.

அடுத்த வாரம் நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் இணையத்தளம் புது எண்ணுக்கு மாறியது. மூன்று தரம் திருத்தினேன். மூன்று தரமும் சேர்வர் பழைய எண்ணையே சொன்னது. நான் திருத்தியது வெளியே கிடந்த பழைய கோப்பை. சேர்வர் வாசித்தது உள்ளே இருந்ததை. ஹோட்டல் முதலாளி தொலைபேசியில் சொன்னார்:

"தங்கச்சி, நீங்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறீங்கள். உள்ள இருக்கிறவருக்குக் கேக்கேல்லப் போல."

ஐந்தரை மணி

சேர்வர் தான் செய்வதை நேரத்தோடு எழுதிவைக்கும் பதிவேட்டில் நேரம் பிழையாக இருந்தது. சுவரில் பகல் ஒரு மணி. பதிவேட்டில் காலை ஏழரை. உள்ளூர் நேரக் கோப்பை உள்ளே வைக்க மறந்ததால், உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அது மார்கழி, லண்டன் கடிகாரமும் உலகப் பொது நேரத்தில் ஓடும் காலம். லண்டனிலும் அப்போது ஏழரைதான். ரஜிதா பஸ்ஸுக்கு வெளிக்கிடும் நேரம்.

அன்றிலிருந்து வேலை இல்லாவிட்டாலும் பதிவேட்டைத் திறப்பேன். இப்போது சாப்பிட்டிருப்பாள், இப்போது குளிரில் நிற்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நஸீர் கண்டுவிட்டார். "ஒரு கோப்பு வைச்சாச் சரி அக்கா. வைக்கட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். நஸீர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"சரி, எங்கட நேரத்துக்கு ஐந்தரையைக் கூட்டிப் பார்க்க எனக்கும் தெரியும்."

பாதுகாப்புக்கென்று கடைசியில் நான் செய்தது இவ்வளவுதான்: மகளின் புதுப் பதிவுகளை வேறாக ஒரு பென் டிரைவில் எடுத்து வீட்டு அலுமாரியில் பூட்டினேன், சேர்வரை அதன் அறைக்குள் பூட்டினேன், கடிகாரத்தை மட்டும் லண்டனிலேயே விட்டுவிட்டேன்.